கந்தப்பளையில் இருந்து கோத்தகிரிக்கு எவ்வளவு தூரம்?

அத்தை இறந்த செய்தி ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வந்தது. கோத்தகிரியில் இருந்து அவரது மகன் வட்ஸ்அப்பில் அழைத்திருந்தார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்றார். அப்பா அப்போதுதான் மரக்கறித் தோட்டத்தில் இருந்து மண்வெட்டியோடு திரும்பியிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே லயத்துப் படியில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பிளேன்ல ஒரு மணித்தியாலம்தானே? விடியக்குள்ள போயிரலாமா?"

போனில் தேடிப் பார்த்தேன். கொழும்பு – திருச்சி 419 கிலோமீற்றர், பயண நேரம் ஒரு மணித்தியாலம். அப்பா சொன்னது சரிதான். ஆனாலும் போக முடியவில்லை. அத்தையை எடுக்கும்போது அப்பா போன் திரையில்தான் பார்த்தார். அங்கே மழை, சிக்னல் இரண்டு தடவை அறுந்தது.

அந்த ஒரு மணித்தியாலம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது, அதற்குள் எதெல்லாம் அடங்கும், எதெல்லாம் அடங்காது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மலையகத்தில் அனேகமாக எல்லா லயத்திலும் தமிழ்நாட்டில் ஒரு அக்காவோ, ஒரு சித்தப்பாவோ இருக்கிறார்கள். வன்னியில் இருந்து படகேறிப்போய் முகாம்களில் இருப்பவர்களின் உறவுகளும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

விமானத் தூரம் என்று இணையத்தளங்கள் காட்டுவது, பூமிப் பந்தின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே நூல் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். கொழும்பில் இருந்து லண்டன், ரொறன்ரோ போன்ற நெடுந்தூரங்களுக்கு அந்த நூல் தட்டையான வரைபடத்தில் வில்லாக வளைந்து தெரியும். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் அந்த வளைவு கண்ணுக்கே படாது. சாதாரண நேர்கோடு என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படி அளந்தால் கட்டுநாயக்கவில் இருந்து திருச்சி சுமார் 419 கி.மீ., மதுரை சுமார் 355 கி.மீ., சென்னை சுமார் 646 கி.மீ. பலாலியில் இருந்து அளந்தால் கதையே வேறு. பலாலி – சென்னை சுமார் 355 கி.மீ., பலாலி – திருச்சி சுமார் 185 கி.மீ.தான். இது கட்டுநாயக்கவில் இருந்து வீதியால் எங்கள் கந்தப்பளைக்கு வரும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். யாழ்ப்பாணத்துக்காரருக்குத் திருச்சி எவ்வளவு தூரமோ, நுவரெலியாக்காரருக்கு விமான நிலையமே அவ்வளவு தூரம்.

இங்கே ஒரு சிறிய பொறி உண்டு. சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டு நகரத்தின் நடுப்பகுதியை வைத்து அளக்கும். கட்டுநாயக்க, கொழும்பு கோட்டையில் இருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் வடக்கே இருப்பதால் எண் கொஞ்சம் மாறும். "நுவரெலியா – திருச்சி விமானத் தூரம்" என்று தட்டினாலும் ஒரு எண் வந்து விழும். அப்படி ஒரு விமானம் இல்லை என்பதை அந்தத் தளம் சொல்லாது. ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீரில் இறங்கும் சிறு விமானங்கள் வந்துபோனதுண்டு. அவை உல்லாசப் பயணிகளுக்கானவை, அதுவும் உள்ளூருக்குள் மட்டும்.

அடுத்து நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். அப்படியானால் 419 கி.மீ. அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகத்தானே எடுக்க வேண்டும்? டிக்கெட்டில் ஏன் ஒரு மணித்தியாலம் என்று போடுகிறார்கள்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிறுத்தியிருந்த இடத்தில் இருந்து பின்னால் நகரத் தொடங்கிய கணத்தில் இருந்து, மறுபக்கத்தில் வந்து நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரையிலான முழு நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்துபோக வேண்டும். முன்னால் வேறு விமானம் இருந்தால் காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. குறுந்தூரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பகுதி; உச்ச வேகத்தில் போகும் நேரம் கொஞ்சம்தான். கம்பளையில் இருந்து றம்பொடை ஏறும் பஸ்ஸை நினைத்தால் புரியும். அந்த பஸ்ஸின் உச்ச வேகத்தை வைத்து யாரும் நுவரெலியா போய்ச்சேரும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை.

காற்றும் ஒரு காரணம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும். கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானம் கடலை நோக்கி ஏறி, பிறகு வடக்கே திரும்பும். வடக்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே போகிறார்! அதற்கும் சில நிமிடம் செலவாகும்.

பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். வகை விமானம். விசிறி சுழலும் சிறிய விமானம், வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில். அதனால்தான் கட்டுநாயக்க – சென்னையைவிட ஏறக்குறைய 290 கி.மீ. குறைவாக இருந்தும், பலாலி – சென்னைக்கும் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் எடுக்கிறது. தூரம் பாதி என்பதற்காக நேரமும் பாதியாகாது.

பலாலி என்றதும் பழைய கதை ஒன்று. இலங்கையின் விமான சேவை 1947 டிசெம்பர் 10 அன்று தொடங்கியபோது முதல் பயணமே இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பலாலியில் இறங்கிப் போவது ஒரு காலத்தில் சாதாரண விஷயம். பிறகு அந்த ஓடுபாதை யுத்தத்தின் ஓடுபாதையாகிவிட்டது. பாதை பூட்டப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வர கப்பல் அல்லது விமானம் என்ற நிலை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் வந்துசேரவே இல்லை. அதில் இருந்த 55 பேரும் கடலோடு போனார்கள். ஒரு மணித்தியாலப் பயணம்தான் அதுவும். அந்தக் குடும்பங்களில் பலருக்கு விமானச் சத்தம் இன்னமும் சாதாரணச் சத்தம் இல்லை.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னை சேவை தொடங்கியது. கொரோனாவோடு 2020 மார்ச்சில் நின்றது, 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இன்னொரு நிறுவனம் சேர்ந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் நேரடி சேவை வந்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் தொடங்கியது. கடலில் சுமார் 111 கி.மீ., நான்கு மணித்தியாலம் அளவில். வடக்கில் இருப்பவர்களுக்கு இந்தியா உண்மையாகவே கிட்ட வந்திருக்கிறது.

எங்களுக்கு அப்படி இல்லை. கந்தப்பளையில் இருந்து பலாலிக்குப் போய்ப் பறக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கண்டி, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று நாட்டின் பாதியைத் தரையால் கடக்க வேண்டும். கட்டுநாயக்கவுக்குப் போவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வழி. அது மலிவான டிக்கெட் கிடைத்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி.

கந்தப்பளை நுவரெலியாவில் இருந்து இராகலைக்குப் போகும் வீதியில், பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. சுற்றிலும் கோட்லோஜ், பார்க், கொங்கோடியா என்று தோட்டங்கள். தேயிலைக்கு இடையிடையே கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. இங்கிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி இரவோடிரவாகப் போய்விடும். மனிதர்களுக்குத்தான் பாடு. கட்டுநாயக்க, நேர்கோட்டில் அளந்தால் வெறும் 107 கி.மீ. ஆனால் வீதி நுவரெலியா, றம்பொடை, கம்பளை, பேராதனை, கேகாலை என்று வளைந்து வளைந்து இறங்கி 180 கி.மீ. அளவுக்கு நீளும். வான் பிடித்தால் ஐந்தில் இருந்து ஆறு மணித்தியாலம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கணக்கே இல்லை. ரயிலில் போவதென்றால் முதலில் நானுஓயாவுக்கு இறங்க வேண்டும்.

ஒரு காலத்தில் கந்தப்பளைக்கே ரயில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, தேயிலைப் பெட்டி ஏற்றவென்று வெள்ளைக்காரன் போட்ட ஒடுக்கப் பாதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, 1940களில் கழற்றப்பட்டது. 6,300 அடி உயரத்தில் இருந்த கந்தப்பளை ஸ்டேஷன்தான் நாட்டிலேயே மிக உயரமானது. இப்போது அந்தக் காலத்து ரயில் பெட்டி ஒன்று, தேயிலைத் தொழிற்சாலையை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் சாப்பாட்டு அறையாக இருக்கிறது.

சரி, அத்தையின் சாவுக்கு அப்பா போயிருக்க முடியுமா என்று பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் எல்லாப் பத்திரமும் இருக்கிறது, மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒரு விமானத்தில் இடமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச்சொல்வார்கள். ஆகவே ஆறரைக்குக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். அப்படியென்றால் கந்தப்பளையில் இருந்து நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வான் எடுக்க வேண்டும். பத்தரைக்குத் திருச்சி. குடிவரவு, பொதி, சுங்கம் முடிந்து வெளியே வர பதினொன்றரை. அங்கிருந்து கோயம்புத்தூர் 200 கி.மீ.க்கு மேல், பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். பிறகு மேட்டுப்பாளையம், அதன்பிறகு வளைவு வளைவாகக் கோத்தகிரி மலை. இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். இருபது மணித்தியாலத்தில் விமானம் ஓடியது ஒன்றே ஒன்று. எல்லாம் சரியாக நடந்திருந்தால்கூட, அப்பா போய் இறங்கும்போது அத்தையை எடுத்து எட்டு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

நேர்கோட்டில் கந்தப்பளைக்கும் கோத்தகிரிக்கும் சுமார் 660 கி.மீ. இரண்டும் தேயிலை மலை, இரண்டிலும் அதே குளிர், அதே மூடுபனி. அத்தை அங்கே போனதே அதனால்தான்.

அது இன்னொரு பயணக் கணக்கு. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுப்பது, மூன்று இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அத்தையின் கணவர் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தது, தாத்தா இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசெம்பர் 22 இரவு வந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்துவிட்டது. 1914 முதல் தலைமன்னாரில் இருந்து கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகம் அதுதான். இடையில் கடல் சுமார் 30 கி.மீ. மட்டுமே. அதன்பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அத்தை 1973இல் போனது இராமானுஜம் கப்பலில்.

அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. தோட்டத்து லொறியில் நானுஓயா வரை போய் வழியனுப்பியிருக்கிறார். அங்கிருந்து கோச்சி பொல்கஹவலை, அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித் தலைமன்னாருக்குப் போகும். போகிறவர்களும் நிற்கிறவர்களும் அழுத அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. தலைமன்னாரில் சோதனை, கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், குடும்ப அட்டை, பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அத்தை கோத்தகிரிப் பக்கம் கொழுந்தெடுக்கப் போனது அப்படித்தான். வீட்டை விட்டு லயத்துக்குள் போய்ச்சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனதாகப் பிறகு வந்த கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வர எடுத்தது ஒரு மாதம்.

அதற்கும் முந்திய தலைமுறை, கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுக்குள்ளால் நடந்தது. வழியில் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களின் தொகையை யாரும் சரியாக எண்ணவில்லை. மலையகத்தார் வந்து 200 ஆண்டு என்பதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு, வழியெல்லாம் தண்ணீரும் சாப்பாடும் கிடைத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது.

யுத்தம் கப்பலையும் நிறுத்தியது. 1984க்குப் பிறகு தலைமன்னார் கப்பல் இல்லை. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்து, கடவுச்சீட்டுக்கூடக் கையில் கிடைத்து, பயணத்துக்குக் காத்திருந்த பல்லாயிரம் பேர் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய விஷயம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. தலைமன்னார் ரயில்கூட 2015 மார்ச்சில்தான் மீண்டும் இறங்குதுறை வரை ஓடியது. கப்பல் இன்னமும் இல்லை.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள், யுத்தம் அங்கேயும் துரத்தியதும் படகேறினார்கள். அவர்கள் இன்று தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பு விமானம் தலைக்கு மேல் ஏறுவதையும் இறங்குவதையும் அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அந்த விமானத்தில் ஏற அவர்களுக்கு வேண்டியது 419 கிலோமீற்றருக்கான டிக்கெட் மட்டும் அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டு அல்லது தற்காலிகப் பயணப் பத்திரம் வேண்டும். இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். பிறப்புச் சான்றிதழ் முகாமில் எழுதப்பட்டதா, துணைத் தூதரகத்தில் பதியப்பட்டதா என்று பார்ப்பார்கள். அங்கேயே இருந்துவிடுகிறோம், எங்கள் பூர்வீகம் இந்தியாதானே என்று 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 யூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இந்தப் பக்கம் திரும்பி வருபவர்களுக்கும் நிம்மதி இல்லை: 2025 மே மாதம் முகாமில் இருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்று பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். ஒரு மணித்தியாலத்தில் பறந்து வந்தவரைப் பல வருடங்களுக்கு முந்திய பயணம் பிடித்துக்கொண்டது.

அப்பாவின் தடையும் பத்திரம்தான். கடவுச்சீட்டு காலாவதியாகி இரண்டு வருடம். அவர் அதை ஒரு தடவைகூடப் பாவிக்கவில்லை. இந்தியாவுக்கான இணைய விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மரணம் போன்ற அவசரத்துக்குக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் நேரில் போய்க் கேட்கலாம், ஆனால் அதற்கும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். எங்கள் லயங்களில் வயதானவர்களின் கடவுச்சீட்டை யாரும் புதுப்பிப்பதில்லை. ஆள் சாகும்போதுதான் தேடுகிறோம். அங்கே நெருங்கிய உறவு இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒருவருடைய கடவுச்சீட்டாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செலவுதான், நாட்சம்பளக்காரருக்குச் சின்னச் செலவும் இல்லை.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் நிறைய. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று ஒரே நேரம் என்பதால் சிக்கல் இல்லை. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கொழும்பு அரசு கடிகாரத்தை முன்னால் தள்ளியது. அந்த வருட ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முன்னால் இருந்தது. அந்தக் காலத்துத் திருச்சி டிக்கெட்டில் ஒரு மணித்தியாலப் பயணம் அரை மணித்தியாலமாகத் தெரியும். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. சோதனைச்சாவடியைத் தாண்டும்போது கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பியது இதை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தீவுக்குள் விமானமே ஏறாமல் நேர வலயம் மாறிய கதை அது.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் தோட்டங்களில் இருந்து எத்தனை பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பு – துபாய் சுமார் 3,300 கி.மீ. துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். காலை பத்துக்குக் கொழும்பில் ஏறி நாலேமுக்கால் மணித்தியாலம் பறந்தால், டிக்கெட்டில் இறங்கும் நேரம் பகல் ஒன்றேகால் என்று இருக்கும். மூன்றேகால் மணித்தியாலப் பயணம் என்று நினைத்துவிடுவார்கள். திரும்பும்போது உயரத்தில் மேற்கில் இருந்து அடிக்கும் காற்று பெரும்பாலும் விமானத்தைப் பின்னால் இருந்து தள்ளும். நாலேகால் மணித்தியாலம் போதும். ஆனால் பத்துக்கு ஏறினால் டிக்கெட்டில் பின்னேரம் மூன்றேமுக்கால். பார்த்தால் ஐந்தேமுக்கால் மணித்தியாலம். வேகமாக வரும் பயணம்தான் தாளில் நீளமாகத் தெரிகிறது. கட்டுநாயக்கவுக்குக் கூட்டிவர வான் பேசும் குடும்பம் டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ கூடாது. நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும் விமானத்துக்குத் திகதியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு நாள் பிந்திப் போய், மகள் விமான நிலையத்து நாற்காலியில் இருபது மணித்தியாலம் இருந்தாள்.

அத்தையின் வருஷத் திவசத்துக்கு அப்பா போனார். கடவுச்சீட்டு புதுப்பித்து, விசா எடுத்து, எல்லாவற்றுக்கும் நாலு மாதம். நானும் கூடப் போனேன். கந்தப்பளையில் இருந்து எடுத்துக்கொண்டு போனது இரண்டு கிலோ தேயிலைத் தூள். தேயிலை விளையும் ஊருக்கா தேயிலை என்று கேட்டதற்கு, அவள் கடைசியாகக் கொழுந்தெடுத்த மலைத் தூள், படைக்க வேண்டும் என்றார்.

வரைபடத்தில் கட்டுநாயக்கவில் இருந்து திருச்சிக்குக் கோடு போட்டால் அது இராமேஸ்வரம் தீவுக்கு மேலாலேயே போகும், வழியில் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தில். ஆகவே போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் வாங்கியிருந்தோம். ஏறி அரை மணித்தியாலம் அளவில் மேகம் விலகியது. கீழே நீலத்துக்குள் மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் கோடியில் மன்னார்த் தீவு. அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அக்கா இதைத்தான் கப்பலில் தாண்டினாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நானுஓயாவில் கோச்சி புறப்பட்டபோது அத்தை ஜன்னல் வழியாக ஒரு சில்வர் தூக்குவாளியை நீட்டிக் கொடுத்ததாகவும், உள்ளே சோறு இருந்ததாகவும் சொன்னார். இதற்கு முன் அவர் அதைச் சொன்னதில்லை. அதற்குள் இறங்கப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.